காகமும் குரங்கும்

சம்பூர்க் கரையில் மீன் கவரும் காகத்துக்கும் தோட்டத்தில் மாங்காய் பறிக்கும் குரங்குக்கும், அறிவிற் சிறந்தது எது?

சிம்பன்சிகள் பெட்டிகளை அடுக்கி, எட்டாத பழத்தைப் பறித்தமையை 1917இல் ஜெர்மானிய அறிஞர் கோலர் நூலாக வெளியிட்டார். பறவையின் மூளையோ சிறியது. மடிப்புமிக்க மேலுறையும் அதற்கில்லை. ஆதலின், அதன் செயல்களெல்லாம் வெறும் இயல்பூக்கமே என்று அறிஞர் பலர் நெடுங்காலம் கருதினர்.

2002இல் ஆக்ஸ்போர்டில் நியூ கலிடோனியக் காகமொன்று நேர்க்கம்பியைக் கொக்கியாக வளைத்து, குழாயினுள் இருந்த உணவை எடுத்தது. 2016இல் வெளிவந்த ஆய்வு இதற்கு விளக்கம் தந்தது: காகம், கிளி முதலியவற்றின் மூளையில் நரம்பணுக்கள் மிக நெருங்கியுள்ளன, அதே எடையுள்ள குரங்கின மூளையில் உள்ளவற்றினும் சராசரியாக இருமடங்கு.

ஏறத்தாழ 32 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்த இரு மரபுகள், வெவ்வேறு மூளையமைப்பால் ஒத்த அறிவை எய்தியுள்ளன. கரையில் கல்லெறிந்து விரட்டப்படும் அக்காகத்தின் அறிவை அளக்க, மூளையின் பருமன் ஏற்ற அளவுகோலாகாது.