தன் பெயரைத் தானே சொல்லும் வழக்கம்

தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் எல்லைப் பிரதேசமாகிய ராமகுப்பம், இன்று ஆந்திரத்துச் சித்தூர் ஜில்லாவில் இருப்பினும், முற்காலத்தில் வட ஆற்காட்டைச் சேர்ந்திருந்த பூமியாகும். அமெரிக்க தேசத்தோடு இச்சீமைக்கு உள்ள தொடர்பு, கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் விமானம் ஏறிய நாளில் தொடங்கியதன்று; 1853-இல் ஸ்கடர் சகோதரர்கள் நிறுவிய அமெரிக்க ஆற்காட்டு மிஷனின் பாதிரிமார்கள், வேலூரிலும் சித்தூரிலும் பலமனேரிலும் மதனப்பள்ளியிலும் குடியிருந்து, நம் மொழிகளைக் கற்று, நம் ஜனங்களின் மரியாதைகளை அறிந்து பழகினார்கள். அவர்கள் இங்கே எடுத்துக்கொண்ட அந்தச் சிரமத்தை, அங்கே சென்ற நம் வித்தியார்த்திகள் எடுத்துக்கொள்ள நேர்ந்தபோதோ, பின்னால் நின்று தாங்க ஒரு மிஷன் அவர்களுக்கு இருக்கவில்லை.

1923 பிப்ரவரியில், பகத் சிங் திண்ட் என்பவரின் வழக்கில், இந்தியர் அமெரிக்கப் பிரஜையாகத் தகுதியற்றவர் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அக்காலத்தையொட்டியே, பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற யெல்லப்பிரகட சுப்பாராவ் பாஸ்டன் நகரம் சேர்ந்தார். ஹார்வர்டில் படித்துக்கொண்டே, வயிற்றுப்பாட்டுக்காக ஒரு மருத்துவமனையில் இரவு நேர ஊழியம் செய்த அம்மனிதர், 1925-இல் பிஸ்கே என்ற பேராசிரியரோடு சேர்ந்து, உடலில் உள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையைக் கண்டு வெளியிட்டார். உயிரணுக்களுக்குச் சக்தி தரும் பொருளைப் பற்றிய ஆராய்ச்சியிலும் அவ்விருவர் பெயரும் நிலைத்தது. ஆயினும் ஹார்வர்டில் நிரந்தரப் பதவி அவருக்குக் கிட்டவில்லை. 1940-இல் லெடர்லே மருந்து நிறுவனத்துக்குச் சென்று, அங்கே ஆராய்ச்சித் தலைவராகி, யானைக்கால் நோய்க்கும் ரத்தப் புற்றுநோய்க்கும் மருந்துகள் பிறக்கக் காரணமாயிருந்து, 1948-இல் காலமானார். தம்மைப் பற்றிய விளம்பரத்தை நாடாதவர் அவர். மருந்தை அறிந்த உலகம் மனிதரை அறியாமற் போனதற்கு நிறவேற்றுமையும் சட்டமும் எத்துணைக் காரணமோ, அத்துணைக் காரணம் அந்த அடக்கமும் என்றே நான் கருதுகிறேன்.

அடக்கம் நம்மிடையே குணம். நம் தகுதியைப் பிறர் எடுத்துரைக்க, நாம் தலைகுனிந்து கேட்டிருப்பதே உத்தமம் என்று வளர்க்கப்பட்டோம். உத்தியோகம் வேண்டுமெனில் மாமாவோ ஊர்ப் பெரியவரோ சிபாரிசுக் கடிதம் தருவார். அமெரிக்காவிலோ, முன்பின் அறியாத ஒருவரிடம் கைகுலுக்கி, கண்ணுக்குக் கண் நோக்கி, ‘இதை நான் செய்தேன்’ என்று தன் பெயரோடு தன் காரியத்தையும் தானே சொல்வது இயல்பான முறையாக இருக்கிறது. பேராசிரியரைக்கூடப் பெயரிட்டு அழைக்கச் சொல்வார்கள், நேர்காணல் முடிந்ததும் நன்றிக் கடிதம் எழுதுவதை எதிர்பார்ப்பார்கள். நம் விண்ணப்பங்களில் தவறாது இடம்பெறும் தந்தை பெயரும் பிறந்த தேதியும் புகைப்படமும் அங்கே விலக்கப்படுவதை நம் பிள்ளைகள் விசித்திரமாக எண்ணுவதுண்டு. இனம், மதம், பால் முதலியவற்றைப் பார்த்து வேலை மறுக்கலாகாது என்ற 1964-ஆம் ஆண்டுச் சட்டமும், வயதைப் பற்றிய 1967-ஆம் ஆண்டுச் சட்டமும் அந்த வழக்கத்தின் பின்னே நிற்கின்றன. திண்ட் வழக்கைக் கண்ட அதே தேசம் பெரும் போராட்டத்துக்குப் பின்னர் அடைந்த மாற்றம் அது.

1965-இல் குடியேற்றச் சட்டம் திருத்தப்பட்டபின் கதவு விரிந்தது. எனினும் இன்று பட்டம் பெறும் அயல்நாட்டு மாணவருக்கு முதலில் கிடைக்கும் பயிற்சி வேலைக்கான அனுமதி 12 மாதங்களே. அதில் 90 நாட்களுக்கு மேல் வேலையின்றி இருத்தலாகாது. விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் பயின்றோர்க்கு, 2016-ஆம் ஆண்டு விதியின்படி, மேலும் 24 மாதம் உண்டு. வேலூர்ப் பக்கத்திலிருந்தோ ராமகுப்பத்திலிருந்தோ சென்ற ஒரு பிள்ளை, தன்னைத் தானே எடுத்துரைப்பது தற்புகழ்ச்சியாகுமோ என்ற சங்கோசத்தை விடுவதற்குள் அந்த 90 நாட்களில் பாதி கழிந்துவிடக்கூடும். ஆகையால், சுப்பாராவின் சரித்திரத்தையும் அத்தேசத்தாரின் இந்த வழக்கங்களையும், பயணத்துக்கு முன்பே, இங்குள்ள கல்லூரி ஆசிரியர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும்.