தட்டச்செழுத்தின் பட்டையடியும் பம்பாய்த் தமிழரும்

உரோமன் அச்செழுத்தின் முனைகளில் இடம்பெறும் குறுங்கோடு, எழுத்தின் உடற்கோட்டுக்கு நிகராகத் தடித்துப் பட்டையாக அமையும் வகை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் உருவாயிற்று. வின்சென்ட் ஃபிகின்சின் வார்ப்பகம் அதற்கு ‘ஆண்டிக்’ எனப் பெயரிட்டது. ‘எகிப்தியன்’ என்ற பெயரும் வழங்கியது. விளம்பரத்திற்கென்றே பிறந்த இவ்வெழுத்தினத்தில் 1845இல் இராபர்ட் பெஸ்லி வெளியிட்ட ‘கிளாரண்டன்’ புகழ்பெற்றது. எனினும் பட்டையடியின் பரவலான வாழ்வு அச்சகத்தைவிடத் தட்டச்சுப்பொறியிலேயே அமைந்தது எனலாம்.

இதன் காரணம் பொறியின் இயக்கத்தில் உள்ளது. எந்த விசையை அழுத்தினாலும் தாள் ஒரே அளவுதான் நகரும். ஆகவே அகன்ற ‘எம்’ என்னும் எழுத்தும் ஒடுங்கிய சிறிய ‘ஐ’ என்னும் எழுத்தும் ஒரே அகலத்துக்குள் அடங்க வேண்டும். ஒடுங்கிய எழுத்தின் இருபுறமும் எஞ்சும் வெற்றிடத்தைப் பட்டையடி நிரப்பிற்று. மேலும், கரித்தாளின் கீழுள்ள படிகளிலும் சீரான கனமுடைய கோடு தெளிவாக விழுந்தது. அலுவலகத்திற்குத் தேவைப்பட்டதும் அதுவே.

தமிழுக்கு இத்தீர்வு பொருந்தாது. ட, ப, ம, ய ஆகியவற்றின் அடிக்கோடு அணியன்று, எழுத்தின் உறுப்பு. காலுக்கு அடிப்பட்டை சேர்த்தால் அது வேறோர் எழுத்தாக மயங்கும். ரகரமும் காலும் மயங்கிய சுவடி மரபை அறிந்தோர்க்கு இது விளங்கும். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் பணியாற்றிய ஆர். முத்தையா, தமிழ்த் தட்டச்சுப்பொறியை வடிவமைத்தபோது விசைப்பலகையில் வேறு வழி கண்டார். புள்ளிக்குரிய விசை தாளை நகர்த்தாது. புள்ளியை முதலில் அடித்து, அதன் கீழ் மெய்யை அடிக்க வேண்டும். ஒலிப்புமுறைக்கு மாறான இவ்வரிசையைக் கை பழகிக்கொண்டது. எழுத்தழகின் இழப்பு சிறிதன்று. ஆனால் அவ்விழப்பின்றித் தமிழ் அலுவலக மொழியாகியிருக்க இயலாது என்பதே நம் கருத்து.

பம்பாயில் தமிழர்க்குப் பிழைப்பளித்தது ஆங்கிலப் பொறியே. 1896இன் கொள்ளைநோயை அடுத்து, 1898இல் அமைந்த நகர மேம்பாட்டு அறக்கட்டளை தாதர்–மாட்டுங்கா பகுதியை விரிவாக்கியது. அங்கும் பின்னர்ச் செம்பூரிலும் குடியேறிய தென்னிந்தியருள் சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றோர் பலர். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் நிறுவப்பட்டமை அக்குடியிருப்பின் கல்வி நாட்டத்தைக் காட்டும். 1955இல் மும்பையின் கோத்ரெஜ் நிறுவனம் இந்தியாவிலேயே தட்டச்சுப்பொறி செய்யத் தொடங்கிற்று. 2009இல் அவ்வுற்பத்தி நின்றது.

தாராவியின் நிலை வேறு. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்தோர் பலர் அங்குத் தோல் பதனிடும் தொழிலில் உழைத்தனர். விசைப்பலகையின் பயன் அவர்களை எட்டவில்லை. ‘பம்பாய்த் தமிழர்’ என்னும் ஒற்றைப் பெயர் இவ்வேறுபாட்டை மறைக்கிறது. 1960இல் தொடங்கப்பெற்ற ‘மார்மிக்’ மராத்தி இதழ், அப்பத்தாண்டின் நடுவில் நகர அலுவலகங்களிலிருந்த தென்னிந்தியரின் பெயர்ப் பட்டியல்களை வெளியிட்டது. 1966இல் சிவசேனை தோன்றிற்று. பட்டியலில் இடம்பெற்றோர் மேசைப்பணியாளர். தாக்குதலுக்கு உள்ளானவற்றுள் தென்னிந்திய உணவகங்களும் இருந்தன. அங்கு உழைத்தோர் தட்டச்சுப்பொறியைத் தொட்டவரல்லர்.