வயிற்றுக்குள் ஒரு பலூன்

உடல் எடையைக் குறைக்க மனிதன் செய்து பார்க்காத வேலை இல்லை. பட்டினி கிடந்தான், ஓடினான், மாத்திரை விழுங்கினான், குடலை வெட்டித் தைத்துக்கொண்டான். 1980களில் இன்னொன்றும் செய்தான். வயிற்றுக்குள் ஒரு பலூனை வைத்து ஊதிக்கொண்டான்! கேட்டால் சிரிப்பு வரலாம். ஆனால் இந்தப் பலூனின் வரலாற்றில் அவசரமும் ஏமாற்றமும் சில உயிரிழப்புகளும் கலந்திருக்கின்றன.

முடி உருண்டை சொன்ன பாடம்

சிலருக்குத் தலைமுடியைப் பிய்த்துத் தின்னும் பழக்கம் உண்டு. முடி செரிக்காது. இரைப்பையிலேயே தங்கி, நாளடைவில் பெரிய உருண்டையாகிவிடும். மருத்துவர்கள் இதை பெசோவார் என்பார்கள். இப்படி உருண்டை வைத்திருந்த நோயாளிகள் பலரும் மெலிந்து போயிருந்தார்கள். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிட்டதாகச் சொன்னார்கள். இரைப்பையில் பாதி இடத்தை முடியே பிடித்துக்கொண்டால் சோறு எங்கே போகும்?

நோயாக வந்த இந்த உருண்டையை மருந்தாக மாற்றினால் என்ன? இந்தக் கேள்வியைச் சோதித்துப் பார்த்தவர்கள் டென்மார்க்கைச் சேர்ந்த நீபென், ஹார்போ என்ற இருவர். 1982ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த அவர்களுடைய கட்டுரை, இரைப்பைப் பலூனைத் தலைப்பிலேயே 'செயற்கை பெசோவார்' என்று அழைத்தது.

அந்தக் காலத்தில் இப்படி ஒரு வழிக்குப் பெரிய தேவை இருந்தது. மிகவும் பருத்தவர்களுக்கு அப்போது அறுவை சிகிச்சை இருந்தது. 1966லேயே அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் இரைப்பை பைபாஸ் அறுவையைத் தொடங்கிவிட்டார். ஆனால் அதற்கு வயிற்றைத் திறக்க வேண்டும். பலூனுக்குக் கத்தியே வேண்டாம். 1957ல் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் உருவாக்கிய வளையும் எண்டோஸ்கோப் அதற்குள் எல்லாப் பெரிய மருத்துவமனைகளுக்கும் வந்துவிட்டது. சுருங்கிய பலூனை வாய் வழியே இறக்கி, உள்ளே வைத்து ஊதிவிட்டு, குழாயை வெளியே எடுத்துவிடலாம். சில மாதம் கழித்து அதே வழியில் பலூனை உடைத்து எடுத்துவிடலாம். எவ்வளவு சுலபம்!

இருபதாயிரம் குமிழிகள்

அமெரிக்காவில் லாயிட் கேரன், மேரி கேரன் இருவரும் உருவாக்கிய பலூனுக்கு 'கேரன்-எட்வர்ட்ஸ் குமிழி' என்று பெயர். பாலியூரித்தேனால் ஆன உருளை அது. உள்ளே சுமார் 220 மில்லி காற்று அடைப்பார்கள். 1985ல் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதற்கு அனுமதி கொடுத்தது. பிறகு கேட்கவா வேண்டும்? சில ஆண்டுகளுக்குள் 20,000 பேருக்கு மேல் இந்தக் குமிழியைப் பொருத்திக்கொண்டார்கள்.

சிக்கல்களும் ஒவ்வொன்றாக வெளிவந்தன. உருளையின் விளிம்புகள் இரைப்பையின் உட்சுவரை உரசிப் புண்ணாக்கின. சிலருக்குக் காற்று தானாகவே இறங்கியது. சுருங்கிய குமிழி கீழே நழுவிச் சிறுகுடலை அடைத்தது. கத்தி வேண்டாம் என்று வந்தவர்களில் சிலர் கடைசியில் கத்திக்கே போக வேண்டியதாயிற்று.

இவ்வளவு தொல்லைக்கும் பலன் கிடைத்ததா? அதைக் கண்டுபிடிக்க மருத்துவர்கள் 'போலிச் சிகிச்சை' சோதனை நடத்தினார்கள். நோயாளிகளில் சிலருக்கு உண்மையான குமிழி. மற்றவர்களுக்கு எண்டோஸ்கோப்பை மட்டும் உள்ளே விட்டு எடுத்துவிடுவார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, அவரைக் கவனிக்கும் மருத்துவருக்கும் தெரியாது. எல்லோருக்கும் ஒரே உணவுக் கட்டுப்பாடு, ஒரே ஆலோசனை. 1988, 1989ஆம் ஆண்டுகளில் வெளியான சோதனை முடிவுகள் அதிர்ச்சி தந்தன. இரண்டு பிரிவினருக்கும் எடை குறைந்திருந்தது, ஏறக்குறைய ஒரே அளவில்! அதாவது, எடையைக் குறைத்தது உணவுக் கட்டுப்பாடு. குமிழி கூடுதலாகக் கொடுத்தது புண்ணை மட்டுமே. 1988ஆம் ஆண்டுச் சோதனையில் நூற்றுக்கு 26 பேருக்கு இரைப்பைச் சுவரில் அரிப்பும், 14 பேருக்குப் புண்ணும் காணப்பட்டன. 1980கள் முடிவதற்குள் குமிழியின் காலமும் முடிந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது வரிசை. முதலில் அனுமதி, அடுத்து விற்பனை, பிறகு இருபதாயிரம் வயிறுகள், கடைசியில்தான் சரியான சோதனை. இந்த வரிசை தலைகீழாக இருந்திருந்தால் எத்தனையோ பேர் தப்பித்திருப்பார்கள்.

டார்பன் ஸ்பிரிங்ஸ் கூட்டம்

குமிழி மேல் சந்தேகம் வலுத்துக்கொண்டிருந்தபோதே, 1987 மார்ச்சில், ஃபுளோரிடா மாநிலத்தின் டார்பன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் பல நாட்டு வல்லுநர்கள் 75 பேர் கூடினார்கள். பலூனை ஒரேயடியாகக் கைவிட அவர்கள் சொல்லவில்லை. நல்ல பலூன் எப்படி இருக்க வேண்டும் என்று விதிகளை வகுத்தார்கள். வழவழப்பாக இருக்க வேண்டும். புண்ணும் அடைப்பும் உண்டாக்கக் கூடாது. நீடித்து உழைக்கும் பொருளால் செய்ய வேண்டும். அளவைக் கூட்டவும் குறைக்கவும் முடிய வேண்டும். காற்றுக்குப் பதில் திரவத்தால் நிரப்ப வேண்டும். எக்ஸ்ரேயில் தெரியும்படி ஓர் அடையாளம் வேண்டும்.

இந்த விதிகளை ஒட்டி 1991ல் உருவானதுதான் பயோஎன்டெரிக்ஸ் பலூன். உருண்டையான, வழவழப்பான சிலிக்கோன். உள்ளே 400 முதல் 700 மில்லி உப்பு நீர். அந்த நீரில் மெத்திலீன் நீலம் என்ற சாயத்தையும் கலப்பார்கள். பலூன் கசிந்தால் சிறுநீர் நீலமாகவோ பச்சையாகவோ மாறும். உடனே மருத்துவரிடம் ஓடலாம். எளிய, ஆனால் அருமையான யோசனை! இரைப்பை அமிலம் சிலிக்கோனையும் மெல்ல அரிக்கும் என்பதால் ஆறு மாதத்தில் எடுத்துவிட வேண்டும் என்பது விதி.

ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் இது பரவியது. முன்பு சூடுபட்டதாலோ என்னவோ, அமெரிக்கா நெடுங்காலம் காத்திருந்தது. 'ஆர்பெரா' என்ற புதுப் பெயரில் 2015ல்தான் அங்கே அனுமதி கிடைத்தது. இந்த முறை சோதனை முதலில் நடந்தது. ஆறு மாதத்தில் பலூன் வைத்தவர்களுக்குச் சராசரியாக 10.2 சதவீத எடை குறைந்தது. பலூன் இல்லாமல் ஆலோசனை மட்டும் பெற்றவர்களுக்கு 3.3 சதவீதம்.

ஆனாலும் ஆபத்து முழுவதும் நீங்கவில்லை. திரவம் நிரப்பிய பலூன்களை வைத்துக்கொண்டவர்களில், 2016 முதல் உலக அளவில் 12 பேர் இறந்ததாகத் தகவல் வந்திருப்பதாக 2018 ஜூனில் எஃப்.டி.ஏ. அறிவித்தது. இரைப்பையிலோ உணவுக்குழாயிலோ ஓட்டை விழுந்து உயிரே போகலாம் என்ற எச்சரிக்கை பலூனின் குறிப்பேட்டில் சேர்க்கப்பட்டது.

இன்று எண்டோஸ்கோப்கூட இல்லாமல், மாத்திரை போல விழுங்கிவிட்டுப் பிறகு நீர் நிரப்பும் பலூன்களும் வந்துவிட்டன. இன்னொரு பக்கம் ஊசி மருந்துகள் போட்டிக்கு நிற்கின்றன. அமெரிக்காவில் 2021ல் எடைக் குறைப்புக்கு அனுமதி பெற்ற செமாக்ளூட்டைட், சோதனையில் 68 வாரங்களில் சுமார் 15 சதவீத எடையைக் குறைத்தது. இரண்டிலும் ஒரு பொதுக் குறை உண்டு. பலூனை எடுத்த பிறகும் சரி, ஊசியை நிறுத்திய பிறகும் சரி, பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் எடையும் திரும்பி வரும்.

பருத்த உடம்போடு வாழ்பவரின் கஷ்டம் கிண்டல் செய்பவர்களுக்குத் தெரியாது. மூட்டு வலி, சர்க்கரை நோய், தெருவில் கேட்கும் பேச்சு எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு, ஏதாவது ஒரு வழி கிடைக்காதா என்று அவர்கள் தேடுகிறார்கள். 1985ல் குமிழியை நம்பிப் போனவர்களும் அப்படிப்பட்டவர்கள்தான். அவர்கள் பேராசைக்காரர்களும் அல்ல, முட்டாள்களும் அல்ல. அவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டியது, சோதித்துப் பார்த்த ஒரு பதில். அது மூன்று ஆண்டுகள் தாமதமாக வந்தது.