பதுவையின் திருமுழுக்கு ஆலயம்: உடைக்கப்பட்ட கல்லறை, எஞ்சிய முகம்

கச்சதீவிலும் கொச்சிக்கடையிலும் எம்மவர் நேர்த்தி வைக்கும் புனித அந்தோனியார் அடக்கம் செய்யப்பட்ட நகரம், வட இத்தாலியின் பதுவை. யாத்திரிகர்கள் பெரும்பாலும் அவரது ஆலயத்துக்கே செல்கின்றனர். நகரின் பேராலயம் வேறோர் இடத்தில், முகப்பு முடிக்கப்படாத செங்கல் கட்டடமாக நிற்கிறது.

அதன் அருகிலுள்ள திருமுழுக்கு ஆலயம் சிறியது. ஆனால் உள்ளே சுவர்கள் முழுவதும் ஓவியங்கள். ஜூஸ்தோ தே மெனபுவோய் 1370களில் ஈரச் சாந்தின் மீது தீட்டியவை இவை. சாந்து காயும்போது நிறமும் சுவரோடு இறுகிவிடும். குவிமாடத்தின் நடுவில் கிறிஸ்து. சுற்றிலும் வட்டம் வட்டமாகப் புனிதர்கள்.

இவற்றைச் செய்வித்தவர் பீனா புசாக்கரீனி. நகரை ஆண்ட பிரான்செஸ்கோ தா கராராவின் மனைவி. 1378 இல் பீனாவும், 1393 இல் இறந்த கணவரும் இங்கேயே அடக்கம் செய்யப்பட்டனர்.

1405 இல் வெனிஸ் நகரைக் கைப்பற்றியது. ஆண்ட குடும்பத்தின் கல்லறைகள் உடைக்கப்பட்டன. அவர்களின் சின்னங்கள் மீது வர்ணம் பூசப்பட்டது. தோற்றவர்களின் அடையாளம் எதுவும் மிஞ்சக்கூடாது என்பதே வென்றவர்களின் கணக்கு.

விவிலியக் காட்சிகளை மட்டும் அவர்கள் அழிக்கவில்லை. அவற்றுக்குள்ளேயே பீனா இருந்தார். ஓரிடத்தில் மரியன்னை முன் முழந்தாளிட்டிருக்கிறார். யோவானின் பிறப்புக் காட்சியில் மகள்மாருடன் நிற்கும் பெண்ணும் அவரே என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

2021 இல் பதுவையின் பதினான்காம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இந்த ஆலயமும் அவற்றில் ஒன்று. இன்று அங்கு செல்பவர்கள் பீனாவின் கல்லறையைக் காண முடியாது. அவரது முகத்தைக் காணலாம்.