மட்டக்களப்பில் எட்டுத் திங்கள்



சில நாட்களுக்கு முன்னர் என் மாணவன் ஒருவன் ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினான். வெளிநாடொன்றிலே தொழில் புரியும் அவனுடைய தமையன் அனுப்பிய படம் அது. வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியும் அணிந்து, மார்பிலே பெயர் பொறித்த கறுப்புச் சின்னம் தரித்த இரண்டு இளைஞர்கள் தெருவோரத்திலே நிற்கின்றனர். அவர்கள் மோர்மன் சபையைச் சேர்ந்த சமயத் தூதர்கள் என்றும், பதினெட்டு, பத்தொன்பது வயதிலே வீட்டை விட்டுப் புறப்பட்டு இரண்டாண்டுக் காலம் அந்நிய நாட்டிலே தங்கித் தம் மதத்தைப் போதிப்பவர்கள் என்றும் கூறினேன். அவன் சற்று நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “உம்மாவைத் தேடாதா சேர், அவங்களுக்கு?” என்று கேட்டான்.

எங்கள் கல்முனைப் பகுதியிலே தேடுதல் என்னும் சொல்லுக்கு ஏங்குதல் என்றும் ஒரு பொருள் உண்டு. அகராதி பார்ப்போர்க்கு இது விளங்காமற் போகலாம். பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிய எந்தத் தாய்க்கும் விளங்கும். இப்பகுதி மக்களுக்கு இவ்வேக்கம் புதியதன்று. நாற்பது நாள், நான்கு மாதம் என்று நாட்குறித்துக்கொண்டு, படுக்கைச் சுருளும் கையுமாக ஜமாஅத்திலே செல்லும் இளைஞர்களை நாம் நாள்தோறும் காண்கின்றோம். கட்டாரிலும் சவூதியிலும் உழைப்போரோ எண்ணிறந்தோர்.

அம்மாணவனுக்கு அன்று நான் கூறிய மறுமொழி அரைகுறையானது. அதனை இன்று சற்று விரிவாகக் கூற விழைகின்றேன்.

மோர்மன் இளைஞர்களின் அன்றாட வாழ்க்கை கட்டுப்பாடு மிக்கது. பொதுவாகக் காலை ஆறரை மணியளவிலே துயிலெழுவர், வேதம் பயில்வர், பின்னர் நாள் முழுவதும் தெருத்தெருவாக, வீடுவீடாகச் செல்வர். எப்பொழுதும் இருவர் இருவராகவே இயங்குவர். துணைவனை விட்டு ஒருவன் தனியே போகலாகாது. வீட்டுக்குத் தொலைபேசியிலே பேசுதற்கு முன்பெல்லாம் ஆண்டிலே நத்தாரன்றும் அன்னையர் தினத்தன்றும் மட்டுமே அநுமதி இருந்தது. 2019ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே அவ்விதி தளர்த்தப்பட்டு, கிழமைக்கு ஒருமுறை வீட்டாரோடு பேசலாம் என்றாயிற்று.

இச்சபையார் நம் கடல்களுக்கு வந்தது இன்று நேற்றன்று. 1852ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் சால்ட் லேக் நகரிலிருந்து புறப்பட்ட ஒரு குழுவினர், மறு ஆண்டு ஏப்பிரலிலே கல்கத்தாவை அடைந்தனர். அவர்களுள் சோன்சி வெஸ்ட் என்பவருக்கு அப்பொழுது வயது 26. அவரும் பெஞ்சமின் டூயி என்னும் துணைவரும் சீயம் நாட்டுக்கென நியமிக்கப்பட்டவர்கள். பர்மாவிலே ஆங்கிலேயர் தொடுத்திருந்த போரினால் அவ்வழி அடைபட, அவர்கள் இலங்கைக்கு வந்தனர். கையிலே பணம் வைத்துக்கொள்ளாது, கேட்பவர் தரும் உணவையும் உறையுளையும் நம்பிச் செல்வது அக்காலத்து அச்சபையாரின் வழக்கம். காலியிலும் கொழும்பிலும் அவர்களுக்குப் பேச இடங்கொடுப்பார் இல்லை, பம்பாய்க்குக் கப்பலேறினர். அதே ஆண்டு ஜூலையிலே ரிச்சர்ட் பலன்டைன் முதலிய மூவர் சென்னையிலே இறங்கினர். அங்கே அவர்கள் பெரும்பாலும் ஆங்கிலேயரிடையேயும் படைவீரரிடையேயும் போதித்தனர். மறு ஆண்டிலே பலன்டைன் உடல்நலங் குன்றித் திரும்பினார். சுற்றியிருந்த தமிழ்மக்கள் அவர்கள் வந்ததையும் அறியார், போனதையும் அறியார்.

இவர்களுக்கு நாற்பதாண்டு முன்னதாக, எங்கள் கரையிலேயே, வேறொரு சபையைச் சேர்ந்த ஒருவர் இத்தகைய வாழ்வு வாழ்ந்தார். துணைவன் என ஒருவரும் அவருக்கு இருந்திலர். மட்டக்களப்பு நகரிலே சிலையாக நிற்கும் வில்லியம் ஓல்ட் பாதிரியாரையே கூறுகின்றேன். கல்முனையிலிருந்து வடக்கே ஏறக்குறைய 40 கிலோமீற்றர் சென்றால் அச்சிலையைக் காணலாம். அம்பாறை மாவட்டம் 1961ஆம் ஆண்டிலேதான் தனியே பிரிக்கப்பட்டது. அதற்கு முன்னர் எங்கள் ஊர்களெல்லாம் மட்டக்களப்பைச் சேர்ந்தனவே.

1813ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியிலே, கலாநிதி தோமஸ் கோக் என்னும் முதியவரின் தலைமையிலே, இங்கிலாந்திலிருந்து மெதடிஸ்த பாதிரிமார் அறுவர் இரண்டு கப்பல்களிலே புறப்பட்டனர். லிஞ்ச், ஸ்குவன்ஸ், எர்ஸ்கின், ஹாவார்ட், குளஃப், ஓல்ட் என்போர் அவர்கள். ஓல்ட் தம் மனைவியையும் உடன் அழைத்து வந்தார். புறப்பட்டு இரண்டு திங்கள் நிறைவதற்குள், 1814 பெப்ரவரியிலே, அவ்வம்மையார் கப்பலிலேயே நோயுற்று இறந்தார். உடல் கடலுக்கே கொடுக்கப்பட்டது. மே மாதம் 3ஆம் நாள் தலைவர் கோக்கும் தம் அறையிலே இறந்து கிடக்கக் காணப்பட்டார். பயணத்துக்குரிய பணப் பொறுப்பெல்லாம் அவர் கையிலே இருந்தமையால், பம்பாய்த் துறையிலே இறங்கியபோது ஏனையோர் கைவிடப்பட்டவர் போலாயினர். கப்பற்றலைவர் அறிமுகப்படுத்திய வணிகர் ஒருவர் கடன் கொடுத்து உதவினார். அவருடைய பெயர் மணி! ஆங்கிலத்திலே அச்சொல்லுக்குப் பணம் என்பது பொருள். வரலாறும் சிலவேளை விளையாடுகின்றது.

ஹாவார்ட் தம்பதியர் பம்பாயிலே தங்க, ஏனைய ஐவரும் 1814 ஜூன் 29ஆம் நாள் காலித் துறைமுகத்தை அடைந்தனர். ஆளுநர் பிரவுன்ரிக்கின் அரசாங்கம் அவர்களை வரவேற்றது. ஊர்ப் பெரியோரின் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்தால் உதவித்தொகை தருவதாகவும் கூறிற்று. அவர்கள் தமக்குள்ளே கூடி இடங்களைப் பங்கிட்டுக்கொண்டனர். யாழ்ப்பாணத்துக்கு இருவர், காலிக்கும் மாத்தறைக்கும் ஒவ்வொருவர். இவ்விரு ஊர்களும் ஒன்றுக்கொன்று அண்மையிலுள்ளவை. சில திங்கள் முன்பு மனைவியை இழந்த ஓல்ட், தொலைவான மட்டக்களப்புக்குத் தனியே அனுப்பப்பட்டார். அம்முடிவின் நியாயம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அக்காலத்து மட்டக்களப்பு எத்தகையது என்பதை நேயர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒருபுறம் கடல்; ஒருபுறம் வாவி; அப்பாலே காடு. கோட்டையிலே ஒரு சிறு படை, அதிகாரிகள் சிலர். மற்றையோருள் பெரும்பாலோர் தமிழ் பேசும் இந்துக்களும் முஸ்லிம்களும். ஓல்ட் படைவீரருக்குப் போதித்தார். தமிழ் எழுத்துக்களைக் கற்கத் தொடங்கினார். ஊரூராகச் சென்று பள்ளிக்கூடம் வைக்க இடமும் ஆசிரியரும் தேடினார். எட்டு மாதத்துள் எட்டுப் பாடசாலைகளை அவர் தொடங்கினார் என்பது மெதடிஸ்த சபையின் வரலாறு. ஒரு பாடசாலைக்கு ஒரு கட்டடம் பெறுவதற்கு எத்தனை மாதம் நடக்கவேண்டும் என்பதை அறிந்த அதிபர் என்ற முறையிலே, அவ்வெண்ணிக்கையைக் கேட்கும்போதெல்லாம் வியப்படைகின்றேன்.

இனி, என் மாணவன் கேட்ட கேள்விக்கு வருகின்றேன். ஓல்ட் வீட்டைத் தேடினாரா? அவர் நெஞ்சினுள் நாம் புக இயலாது. ஆயினும் ஒரு கணக்குப் போடலாம். இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு அவர் வந்த பயணமே ஐந்து திங்கள் பிடித்தது. ஆகஸ்ட் மாதத்திலே மட்டக்களப்பிலிருந்து அவர் ஒரு கடிதம் எழுதியிருந்தால், அது இங்கிலாந்தை அடையும்போது தைப்பொங்கற் காலம் வந்திருக்கும். உடனே பதில் எழுதினாலும், அது மட்டக்களப்புக்கு வந்து சேர ஜூன் மாதமாகும். ஓல்ட் 1815ஆம் ஆண்டு ஏப்பிரல் முதலாம் நாள் இறந்தார். மட்டக்களப்பிலிருந்து அவர் எழுதிய எக்கடிதத்துக்கும் இங்கிலாந்திலிருந்து பதில் வந்து சேர்ந்திருக்க வழியில்லை. இறந்த செய்தி அங்கே சென்று எட்டும்வரை, அவர் பெயருக்குக் கடிதங்கள் கப்பலேறிக்கொண்டே இருந்திருத்தல் கூடும்.

இக்கணக்கு என் மனத்திலே தைத்தமைக்கு ஒரு காரணம் உண்டு. தொண்ணூறுகளிலே, போர்க்காலத்திலே, முதல் நியமனம் பெற்றுத் தொலைவான ஊரொன்றிலே ஆசிரியனாக இருந்தேன். பாதை மூடப்பட்டிருந்தது. உம்மாவுக்குக் காய்ச்சல் என்று வீட்டார் எழுதிய கடிதம், அவர் நலமாகி ஒரு மாதத்தின் பின்னர் என் கைக்கு வந்தது. அதனை உடைத்துப் படித்த அந்த மாலைப்பொழுதை நான் மறந்திலேன். ஒரு மாதம் பிந்திய கடிதமே அத்துணை வருத்துமாயின்!

அவர் இறந்த காலத்தையும் நோக்குங்கள். 1815 மார்ச் 2ஆம் நாள் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்டது. அதற்கு ஒரு திங்கள் கழிந்த அளவிலே, மட்டக்களப்பிலே ஒரு பாதிரியார் நோயுற்று இறந்தமையைப் பெரிதாக எண்ணியவர் எத்தனை பேர் இருந்திருப்பர்?

அவர் எதற்காக வந்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. மதம் மாற்றவே வந்தார். பாடசாலை அதற்கு ஒரு வாயில். எங்கள் முன்னோர் அதனை நன்கு அறிந்திருந்தனர். கிறித்தவப் பாடசாலைக்கு அனுப்பினால் பிள்ளையின் மார்க்கம் போய்விடும் என அஞ்சி முஸ்லிம் பெற்றோர் பலர் தயங்கினர். அவ்வச்சம் ஆதாரமற்றதன்று, அதற்கு நாம் கொடுத்த விலையும் சிறிதன்று. சித்திலெப்பை போன்றோரின் முயற்சியால் 1892ஆம் ஆண்டிலே கொழும்பிலே சாஹிராக் கல்லூரியின் தோற்றம் நிகழ்ந்தது. கல்முனையிலோ, 1942ஆம் ஆண்டிலே உதவி அரசாங்க அதிபராக வந்த ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் நெல் விளைச்சலைப் பெருக்கியதோடு நில்லாது, முஸ்லிம் கல்விச் சங்கத்தையும் தோற்றுவித்தார். ஓல்ட் மறைந்து அப்பொழுது 127 ஆண்டுகள் கடந்திருந்தன.

மெதடிஸ்தரும் நினைத்ததை முற்றாகப் பெற்றனர் என்று கூற முடியாது. ஓல்டுக்குப் பின் வந்தவர்கள் அவருடைய பணியைத் தொடர்ந்து, தெற்கே கல்முனையிலும் பாடசாலை நிறுவினர். அங்கே கற்ற மாணவருள் ஒருவர், அயலூராகிய காரைதீவிலே 1892ஆம் ஆண்டிலே பிறந்த மயில்வாகனன். அவர் பின்னர் இராமகிருஷ்ண சங்கத்துத் துறவியாகி, சுவாமி விபுலாநந்தர் என்னும் பெயரோடு, 1931ஆம் ஆண்டிலே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். அவரும் வீட்டைத் துறந்து தொலைநாடு சென்றவரே. கல்முனைக்கு வந்த அஸீஸுக்கு அவர் நண்பருமானார்.

இவற்றையெல்லாம் அம்மாணவனுக்கு இன்னொரு நாள் வகுப்பிலே கூறினேன். விபுலாநந்தரைப் பற்றி அவன் முன்னரே படித்திருந்தான். அதிலே அவன் மனம் செல்லவில்லை. ஆகஸ்ட், செப்டெம்பர் என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினான். ஏப்பிரலிலே நிறுத்தினான். “அப்போ, கடைசிவரைக்கும் ஒரு பதிலும் வரல்லியா சேர்?” என்றான். இல்லை என்றேன்.

அன்றிரவு இஷாத் தொழுகைக்குப் பின்னர் தமையனோடு நெடுநேரம் பேசியதாக மறுநாள் கூறினான். என்ன பேசினான் என்று நான் கேட்கவில்லை.