பெருந்தொற்றுக் காலச் செய்திகள்: யார் சுமந்தார்கள், யாரை அடைந்தன, யாரை எண்ணின?

2020 மார்ச் 25 அதிகாலையில் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் தமிழகத்தின் முதல் கொரோனா மரணம் நிகழ்ந்தது. பொழுது விடிவதற்கு முன்பே அன்றைய மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் சி. விஜயபாஸ்கர் அதனைத் தமது ட்விட்டர் பக்கத்தில் அறிவித்தார். கைப்பேசி வைத்திருந்தோருக்கு அச்செய்தி நொடியில் எட்டியது. ஆனால் மதுரையிலும் திருமங்கலத்திலும் அவற்றைச் சூழ்ந்த சமவெளிச் சிற்றூர்களிலும் சாவுச் செய்திக்கு வேறொரு வரலாறு உண்டு. கேதம் சொல்லுதல், பறை அறைதல், குழி வெட்டுதல் ஆகிய பணிகள் தலைமுறை தலைமுறையாகத் தலித் மக்கள்மீதே சுமத்தப்பட்டு வந்துள்ளன. செய்தியைச் சுமந்தவருக்கு, அச்செய்தி பேசப்படும் சாவடியில் உட்கார இடமிருந்ததில்லை.

பெருந்தொற்றுக் காலத்தில் செய்தியும் ஒரு நிவாரணப் பொருளே. எங்கே பரிசோதனை நடக்கிறது, எந்த நாளில் நிவாரணத் தொகைக்கான டோக்கன் தரப்படும், எந்த எல்லையைக் கடந்தால் காவல்துறை தடுக்கும் என்பவற்றை அறியாத குடும்பம் பசியையும் நோயையும் ஒருங்கே எதிர்கொள்கிறது. அரிசியையும் குடிநீரையும் போலவே செய்தியும் சாதி வகுத்த பாதையில்தான் பயணிக்கிறது. அந்தப் பாதையின் நிறுத்தங்களை இக்கட்டுரை தொகுத்துக் காட்டுகிறது.

தண்டோரா: சுமந்தவர்கள்

அரசு அறிவிப்புகளை ஊருக்குச் சொல்லத் தண்டோரா போடும் வழக்கம், இணைய வசதி பெருகிய பின்னரும் தமிழகத்தில் மறையவில்லை. அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு 2022 ஆகஸ்ட் 3 அன்று மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதி, இவ்வழக்கத்துக்குத் தடை விதிக்குமாறும் வாகனங்களில் ஒலிபெருக்கி பொருத்தி அறிவிப்புச் செய்யுமாறும் கேட்டுக்கொண்டார். வரவேற்கத்தக்க கடிதம். ஆனால் அது வெளிவந்தபோது கொரோனாவின் மூன்று அலைகளும் கடந்துவிட்டன.

சட்டம் இதில் முற்றிலும் மௌனமாக இல்லை. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எச்) பிரிவு, பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் வெட்டிவேலை செய்ய வைப்பதைக் குற்றமாக்குகிறது. அரசு பொதுநோக்கத்துக்காக விதிக்கும் கட்டாயப் பணிக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. 2015 திருத்தத்தின் வழியே சேர்ந்த 3(1)(ஐ) பிரிவு, பிணங்களைச் சுமக்கவோ புதைகுழி வெட்டவோ அவர்களைக் கட்டாயப்படுத்துவதையும் குற்றமென்கிறது. தொற்றுக்கு அஞ்சி உறவினரே பிணத்தை நெருங்கத் தயங்கிய நாட்களில், அப்பணி யார் தலையில் விழுந்தது என்பதை நாம் அறிவோம். அது ஊதியத்துடனும் பாதுகாப்புக் கவசத்துடனும் விருப்பத்தின் பேரிலும் நடந்ததா, ஊர் வழக்கம் என்ற பெயரில் நடந்ததா என்பதே சட்டம் எழுப்பும் கேள்வி.

ஒலிபெருக்கி வந்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடாது. ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ எந்தத் தெருக்களுக்குள் செல்கிறது, ஊர்த்தெருவின் முனையில் திரும்பிவிடுகிறதா, காலனிக்குள்ளும் வருகிறதா என்பதைத் தீர்மானிப்பவர் யார்? கருவி மாறியபின்னும் பாதை பழையதாகவே இருக்கக்கூடும்.

கிராம சபை: பேசும் இடம் அடைக்கப்பட்டபோது

2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாட்களில் தமிழகத்தின் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2020 சனவரி 6 அன்று புதிய உறுப்பினர்கள் பொறுப்பேற்றனர். தனித் தொகுதிகளில் வென்ற தலித் தலைவர்களும், அவர்களுள் முதன்முறையாகப் பதவிக்கு வந்த பெண்களும், மூன்று மாதங்கள் முடிவதற்குள் பெருந்தொற்றை எதிர்கொண்டனர். கிருமிநாசினி தெளிப்பு, குடிநீர், நிவாரணம், அறிவிப்பு ஆகிய அனைத்துக்கும் ஊராட்சியே முதல் வாயிலாக இருந்தது.

அவ்வாண்டிலேயே கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியின் தலித் பெண் தலைவர், கூட்டத்தில் தரையில் அமர வைக்கப்பட்ட படம் அக்டோபரில் வெளியாகி நாட்டையே அதிரவைத்தது. திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலித் பெண் தலைவர் ஆகஸ்ட் 15 அன்று தேசியக் கொடி ஏற்றத் தடுக்கப்பட்டார். செய்தி பரவிய பின், ஆட்சியர் முன்னிலையில் அவர் கொடியேற்றினார். நாற்காலி மறுக்கப்பட்ட தலைவர் தனிமைப்படுத்தல் விதியை அறிவித்தால் ஊர் அதற்குச் செவிசாய்க்குமா? அவமதிப்பு அவருக்கு மட்டும் நேர்வதில்லை. அவர் சொல்லும் உயிர்காக்கும் செய்தியும் உடன் அவமதிக்கப்படுகிறது.

மதுரை மாவட்டத்துக்கு இது புதிதன்று. 1997 சூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் வந்தோரும் படுகொலை செய்யப்பட்டனர். உசிலம்பட்டிப் பகுதியின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய தனி ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை முறையான தேர்தல் நடத்தவே இயலவில்லை.

பெருந்தொற்றைக் காரணம் காட்டி 2020 அக்டோபர் 2 கிராம சபையும் 2021 சனவரி 26 கிராம சபையும் நிறுத்தப்பட்டன. கூட்டம் தொற்றைப் பரப்பும் என்பது உண்மையே. ஆனால் தலித் குடியிருப்பைச் சேர்ந்தவர் எழுந்து நின்று அதிகாரியிடம் கேள்வி கேட்கச் சட்டம் தந்த இடம் அது. அதற்கு மாற்றாகத் தெருவாரியான சிறு கூட்டங்களோ எழுத்துவழி மனுமுறையோ பரவலாக முன்வைக்கப்படவில்லை. 2021 அக்டோபர் 2 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பாப்பாபட்டி கிராம சபையில் பங்கேற்றபோதுதான் அம்மன்றம் மீண்டும் மாநிலத்தின் கவனத்துக்கு வந்தது.

மொழியும் திரையும்: அடையாத செய்தி

2020 சூன் 24 முதல் சூலை நடுப்பகுதி வரை மதுரை மாநகராட்சி, பரவை பேரூராட்சி, மதுரை கிழக்கு, மதுரை மேற்கு, திருப்பரங்குன்றம் ஊராட்சி ஒன்றியங்கள் ஆகியவற்றில் முழு ஊரடங்கு நீடித்தது; அதன் முடிவு நாள் பலமுறை தள்ளிவைக்கப்பட்டது. திருமங்கலம் நகராட்சி அந்த எல்லைக்கு வெளியே இருந்தது. திருமங்கலத்திலிருந்து மதுரைக்குச் சென்று கட்டட வேலையோ துப்புரவுப் பணியோ வீட்டு வேலையோ செய்யும் ஒருவருக்கு, எல்லை எங்கே தொடங்குகிறது, எந்நாள் முடிகிறது என்ற செய்தியே அன்றைய கூலியைத் தீர்மானித்தது.

மாநில அரசின் தினசரி மருத்துவ அறிக்கை ஆங்கிலத்தில், கணினிக் கோப்பாக வெளிவந்தது. 18 முதல் 44 வயது வரையிலானோர் தடுப்பூசி பெற 2021 மே 1 முதல் கோவின் தளத்தில் பதிவு செய்வது கட்டாயமாயிற்று. இந்திய மொழிகள் அத்தளத்தில் சேர்க்கப்பட்டது அடுத்த சூன் மாதத்தில்தான். அப்போதும் முதல் பட்டியலில் தமிழ் விடுபட்டு, எதிர்ப்புக்குப் பின்னரே இடம்பெற்றது. இணைய வசதியற்றோரை இம்முறை விலக்கிவைக்கிறது என்று உச்சநீதிமன்றம் 2021 மே 31 ஆணையில் சுட்டிக்காட்டியது.

சொற்களும் காயப்படுத்தின. ‘சமூக விலகல்’ என்ற தொடர் நாள்தோறும் ஒலித்தது. விலகி நில் என்ற கட்டளையை நூற்றாண்டுகளாகக் கேட்டுவரும் மக்களின் காதில் அது மருத்துவ அறிவுரையாக மட்டும் விழவில்லை. உலக நலவாழ்வு அமைப்பு 2020 மார்ச் 20 அன்றே ‘உடல் இடைவெளி’ என்ற பொருள்தரும் சொல்லுக்கு மாறிவிட்டது. ‘தனிநபர் இடைவெளி’ போன்ற தொடர்கள் தமிழிலும் கிடைத்தன. பழைய தொடரோ நெடுநாள் நீடித்தது.

இங்கும் சட்டம் நம் பக்கம் உள்ளது. 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(4) பிரிவு, அரசு தாமாக வெளியிடும் தகவல்கள் செலவு, உள்ளூர் மொழி, அவ்விடத்தில் மிகவும் பயன்தரும் தொடர்பு முறை ஆகியவற்றைக் கருதிப் பரப்பப்பட வேண்டும் என்கிறது. அறிவிப்புப் பலகையும் பொது அறிவிப்பும் அதன் விளக்கத்திலேயே இடம்பெற்றுள்ளன. ஆங்கிலக் கோப்பு ஒன்றை இணையத்தில் ஏற்றியதோடு இக்கடமை நிறைவடையாது.

எண்ணப்படாதவர்கள்

2020 சூலை 22 அன்று, அதுவரை கணக்கில் வராத 444 சென்னை மரணங்களைத் தமிழக அரசு பட்டியலில் சேர்த்தது. மாநகராட்சிப் பதிவேட்டுக்கும் மாநிலப் பட்டியலுக்கும் இடையிலான வேறுபாடு வெளிவந்து, ஆய்வுக் குழு அமைக்கப்பட்ட பின்னரே இது நிகழ்ந்தது. 2021இல் மதுரை இராசாசி மருத்துவமனை உள்ளிட்ட ஆறு அரசு மருத்துவமனைகளின் இறப்புத் தரவுகளை ஆராய்ந்த அறப்போர் இயக்கம், உண்மை மரணங்கள் அரசுக் கணக்கைவிடப் பன்மடங்கு இருக்கும் என்றது. உலக நலவாழ்வு அமைப்பு 2022 மே மாதம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2020, 2021 ஆகிய ஈராண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 47 லட்சம் மிகை மரணங்கள் நிகழ்ந்தன. இந்திய அரசு அதனை ஏற்கவில்லை.

இந்த எண்ணிக்கை வெறும் புள்ளிவிவரத் தகராறு என்று எண்ணுவது தவறு. கொரோனாவால் இறந்தோர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் வழங்கும் முறைக்கு உச்சநீதிமன்றம் 2021 அக்டோபர் 4 அன்று ஒப்புதல் தந்தது. பரிசோதனையில் தொற்று உறுதியாகி 30 நாட்களுக்குள் வீட்டிலேயே இறந்திருந்தாலும் அது கொரோனா மரணமே என்பது விதி. பரிசோதனைக்கே வழியின்றி இறந்தவரின் குடும்பம் அந்தத் தொகைக்கு எதைச் சான்றாகக் காட்டும்?

தினசரி அறிக்கையில் மாவட்டம், வயது, பால், இணைநோய் ஆகியவை இருந்தன. சாதியும் தொழிலும் இல்லை. 2020இல் துப்புரவுப் பணியாளர்களுக்குத் ‘தூய்மைப் பணியாளர்கள்’ என்று பெயர் மாற்றிய தமிழக அரசு, அவர்களுள் எத்தனை பேர் தொற்றுக்கு ஆளாயினர் என்பதை அந்த அறிக்கையில் தனியே காட்டவில்லை. மருத்துவப் பணியாளர்களின் இறப்புத் தரவையே தாம் பேணவில்லை என்று ஒன்றிய அரசு 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கூறியது. இதே காலத்தில் இங்கிலாந்தின் பொதுநல அமைப்பு, இனவாரியான பாதிப்பு வேறுபாடுகள் குறித்த அறிக்கையை 2020 சூன் 2 அன்று வெளியிட்டது. அமெரிக்காவில் இனவாரித் தரவைத் திரட்டும் பணியை ஏப்ரல் 2020இலேயே இதழாளர்களும் ஆய்வாளர்களும் தொடங்கினர். அங்கே கறுப்பின மக்களின் மிகை மரணம் பொதுவிவாதமானதற்கு அந்தத் தரவே அடிப்படை.

அடுத்த தொற்றுக்கு முன்

செயற்பாட்டாளர்களும் மாணவர்களும் இன்றே தத்தம் ஊரில் தொடங்கக்கூடிய பணிகள் சில உண்டு. 1969ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்கீழ் உள்ள பதிவுகளின் அடிப்படையில், 2018 முதல் 2021 வரை உங்கள் நகராட்சியில் அல்லது ஊராட்சியில் நிகழ்ந்த மொத்த இறப்புகளை மாதவாரியாகத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஆண்டுகளை ஒப்பிட்டாலே மிகை மரணம் புலப்படும். அறிவிப்பு வாகனங்கள் சென்ற வார்டுகளின் பட்டியல், கிருமிநாசினி தெளித்த நாட்குறிப்பு, ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களுக்கு வழங்கிய கவசங்களின் கணக்கு ஆகியவற்றையும் கேட்கலாம். விடை வராவிடில் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். தரவு இல்லை என்ற எழுத்துப்பூர்வமான விடையும் ஒரு சான்றே.

ஓர் எச்சரிக்கையும் தேவை. தரவு கேட்பது தனிமனிதரை அடையாளம் காட்டுவதாக மாறிவிடக் கூடாது. தொற்று கண்ட வீடுகளில் சுவரொட்டி ஒட்டுவதைப் பொது நடைமுறையாக்கக் கூடாது என்று உச்சநீதிமன்றம் 2020 டிசம்பர் 9 அன்று கூறியது. ஏற்கெனவே தீண்டாமையைச் சுமக்கும் தெருவின்மீது நோயின் முத்திரையும் விழுந்தால் அது எளிதில் அகலாது. ஆகவே பெயரும் கதவிலக்கமும் இல்லாத, வார்டுவாரியான, தொழில்வாரியான கணக்கே நமக்குத் தேவை.

செய்தியைச் சுமக்கும் கடமை பிறப்பால் வருவதாக இருந்தது. செய்தியைப் பெறுவதும் அதில் எண்ணப்படுவதும் குடிமக்களின் உரிமை. அந்த உரிமை நிலைநாட்டப்பட்டதா என்பதை அடுத்த தொற்றின்போது அறிவிப்பு வாகனம் காலனிக்குள் வருகிறதா என்பதிலிருந்தே நாம் அளக்கத் தொடங்கலாம்.