அரசியல் பேசாதீர்: தேநீர்க் கடையும் குழாயடியும் வளர்த்த பொதுவாதம்

தமிழகத்துத் தேநீர்க் கடைகளிலும் முடிதிருத்தகங்களிலும் நெடுங்காலமாக ஒரு பலகை தொங்கி வந்திருக்கிறது. ‘இங்கு அரசியல் பேசாதீர்’ என்பது அதன் வாசகம். இலக்கண நூலார் ஒரு வழுவை விலக்குகின்றனர் என்றால், அவ்வழு மக்கள் நாவில் வழங்கியது என்பதே பொருள். வழங்காத ஒன்றை விலக்கவேண்டிய தேவை யாருக்கும் எழுவதில்லை. அந்நெறியால் நோக்கின், இப்பலகை அரசியல் பேச்சு நிகழாமைக்குச் சான்றன்று. ஓயாது நிகழ்ந்தமைக்கே சான்று.

அரசியல் வரலாறு எழுதுவோர் தலைவர்களின் மேடைப் பேச்சையும் சட்டமன்ற நடவடிக்கைகளையும் ஆராய்கின்றனர். அரிசி கிடைக்கவில்லை, தண்ணீர் வரவில்லை என்று தொடங்கி, ‘இதற்கு யார் பொறுப்பு? சென்னையா, தில்லியா?’ என்று முடியும் பொதுமக்களின் வாதம் ஏடேறுவது அரிது. அவ்வாதம் தமிழகத்தில் இரண்டு இடங்களில் வளர்ந்தது. ஒன்று தேநீர்க் கடை. மற்றொன்று நியாயவிலைக் கடை வரிசையும் குழாயடியும். முன்னதற்கு ஓரளவேனும் வரலாறு உண்டு. பின்னதற்கு இல்லை. ஏன் இல்லை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மணிமேகலை கொண்ட மாற்றுரு

பொதுவிடத்தில் கூடி வாதிடும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. மன்றம், பொதியில், அம்பலம், சாவடி எனச் சொற்கள் பல உள்ளமையே அதனைக் காட்டும். காவிரிப்பூம்பட்டினத்துப் பட்டிமண்டபத்தில் சமயவாதிகள் ஏறி வாதிட்டதை மணிமேகலைக் காப்பியம் கூறுகிறது. அக்காப்பியத்திலேயே உலக அறவி என்னும் மற்றொரு பொதுவிடமும் வருகிறது. அங்குதான் மணிமேகலை அமுதசுரபி ஏந்திப் பசித்தோர்க்குச் சோறிடுகிறாள். அம்மட்டோடு அவள் நின்றுவிடவில்லை. சோழ மன்னனிடம் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றித் தருமாறு கேட்டுப் பெறுகிறாள். ஓர் அரசு நிறுவனம் யாருக்காக, எதற்காக இயங்கவேண்டும் என்று ஒரு குடிமகள் எழுப்பிய வினாவாகவே இதனைக் கொள்ளலாம்.

ஆயின் வஞ்சி மாநகரில் சமயக் கணக்கரின் வாதங்களைக் கேட்கச் சென்றபோது அவள் தன் உருவில் செல்லவில்லை. மாதவர் வடிவம் கொண்டு சென்றாள். இளம்பெண் என்று கண்டால் யாரும் மெய்ப்பொருளை விளக்கிக் கூறார் என்பது அவளுக்கு முன்னரே உணர்த்தப்பட்டிருந்தது. சோறிடும் இடத்தில் அவள் பெண்ணாக நிற்கலாம். வாதம் நிகழும் இடத்தில் மாற்றுரு வேண்டும். இந்த வேறுபாடு காப்பியக் காலத்தோடு ஒழிந்ததா என்பதை மனத்திற்கொண்டு அண்மை நூற்றாண்டுக்கு வருவோம்.

தேநீரும் நாளேடும்

தேநீர் நம் மக்களின் அன்றாடப் பழக்கமானது இருபதாம் நூற்றாண்டில்தான். 1930களில் தேயிலை வணிகத்தார் ஊர் ஊராகச் சென்று விளம்பரம் செய்தனர். காப்பி நடுத்தர வகுப்பாரின் பெருமிதமாக விளங்க, தேநீர் உழைப்பாளரின் பானமாயிற்று. தேநீரோடு நாளேடும் விசுப்பலகைக்கு வந்தது. 1882இல் தோன்றிய சுதேசமித்திரன் 1899இல் நாளிதழாயிற்று. எனினும் அதன் நடை கற்றோர்க்கே உரியதாக இருந்தது. 1942இல் சி. பா. ஆதித்தனார் மதுரையில் தொடங்கிய தினத்தந்தி, எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் பின்பற்றத்தக்க எளிய தமிழைக் கைக்கொண்டது. ஒருவர் உரக்கப் படிப்பார். படிக்கத் தெரியாத பத்துப் பேர் கேட்பர். பதினோரு பேரும் வாதிடுவர். ஒரே தாளின் பக்கங்கள் தனித்தனியே பிரிந்து கைக்குக் கை மாறும்.

இயக்கங்கள் நிறுவிய படிப்பகங்களும் இப்பணியைச் செய்தன. விடுதலை, ஜனசக்தி, திராவிட நாடு, முரசொலி ஆகிய ஏடுகள் கூரைக் கொட்டகைகளில் பலர் முன்னிலையில் படிக்கப்பட்டன. பள்ளிக்கூடம் போகாதவர்கள் அங்கேதான் அமைச்சரவை, வரவு செலவுத் திட்டம், மாநில உரிமை முதலிய சொற்களைக் கற்றனர்.

இதனைப் பாராட்டும்போது இதன் குறையையும் மறைத்தலாகாது. விசுப்பலகை எல்லார்க்கும் இடம் தரவில்லை. சிற்றூர்க் கடைகள் பலவற்றில் இரட்டைக் குவளை முறை வேரூன்றியிருந்தது. தாழ்த்தப்பட்டோர் தனிக் குவளையில் வாங்கி, எட்ட நின்று பருகவேண்டியிருந்தது. நாட்டின் சமத்துவம் பற்றிய வாதம் முழங்கிய இடத்திலேயே குவளை சமமாக இல்லை. பெண்களின் நிலையோ வேறு. அவர்களுக்குத் தனிக் குவளையும் இல்லை. அவர்கள் அங்கு அமர்வதே வழக்கமில்லை.

அரிசி எழுப்பிய வினா

பொதுமக்களின் வாதத்திற்கு மிகப் பெரும் பொருளாக அமைந்தது அரிசி. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. போர்க்காலப் பங்கீடு குடும்பங்களை அட்டையோடு வரிசையில் நிறுத்தியது. 1952இல் முதலமைச்சரான இராஜாஜி அவ்வாண்டு ஜூன் திங்களில் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியது அந்நாளில் பெரிதும் பேசப்பட்டது.

1960களின் நடுவில் தட்டுப்பாடு மீண்டும் கடுமையாயிற்று. 1965இலும் 1966இலும் நாட்டின் பல பகுதிகளில் மழை பொய்த்தது. அமெரிக்கக் கோதுமையை எதிர்நோக்கும் நிலைக்கு இந்தியா தள்ளப்பட்டது. வாரம் ஒருவேளை உணவைத் தவிர்க்குமாறு பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி 1965இல் மக்களை வேண்டினார். 1966 ஜூன் 6ஆம் நாள் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டது. அதுவரை 4.76 ரூபாய்க்குக் கிடைத்த அமெரிக்க டாலர் 7.50 ரூபாயாயிற்று. இப்பெருஞ்செய்திகள் அனைத்தும் தமிழகத்து வீடுகளில் ஒரே செய்தியாகவே உணரப்பட்டன: கடையில் அரிசி இல்லை, இருந்தாலும் விலை எட்டவில்லை.

1967 தேர்தலில் மொழிப் போராட்டத்தின் கனலோடு இவ்வரிசி வினாவும் சேர்ந்தது. ‘ரூபாய்க்கு மூன்று படி இலட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்று தி.மு.க. உறுதி கூறியது. ‘அண்ணாச்சி’ என்ற உறவுச் சொல்லுக்கு ‘என்னாச்சு’ என்பதை எதுகையாக்கி, பருப்பு விலையையும் அரிசி விலையையும் ஆளுங்கட்சித் தலைவர்களிடம் வினவும் முழக்கங்கள் தெருவெங்கும் ஒலித்தன. கவிஞர்கள் நோக்கவேண்டிய இடம் இது. பருப்பு விலை என்ன ஆயிற்று என்று நாள்தோறும் கேட்பவர் யார்? அடுக்களையில் உலை வைத்தவர். அவருடைய வினாவே யாப்புப் பெற்று மேடையேறியது. அதை முழங்கியவர்களின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. முதலில் கேட்டவளின் பெயர் நிற்கவில்லை.

தேர்தலில் காங்கிரசு ஆட்சியை இழந்தது. விருதுநகரில் காமராசரும், திருப்பெரும்புதூரில் முதலமைச்சர் பக்தவத்சலமும் தோற்றனர். அண்ணா முதலமைச்சரானார். ரூபாய்க்கு ஒரு படித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கப்பெற்று, நிதிச்சுமையால் நீடிக்காமற்போயிற்று. ஆயினும் அரிசி அரசின் பொறுப்பு என்ற கருத்து நிலைபெற்றது. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தோன்றியது. 1997இல் நடுவண் அரசு வறுமைக்கோட்டுக்குக் கீழ், மேல் என மக்களைப் பிரித்துப் பங்கீடு செய்யும் முறையைக் கொணர்ந்தபோதும், தமிழகம் அனைவர்க்கும் பொதுவான பங்கீட்டைக் கைவிடவில்லை. 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. இக்கொள்கைகளுக்குப் பின்னே தலைவர்கள் உண்டு. அவர்களுக்கும் பின்னே வரிசைகள் உண்டு.

வரிசை என்னும் அவை

வரிசையில் நடந்தது என்ன? 1980களிலும் 1990களிலும் வளர்ந்த என் தலைமுறைப் பெண்கள் அதனைக் கண்ணால் கண்டவர்கள். மண்ணெண்ணெய் வரும் நாள் என்று தெரிந்தால் விடியலுக்கு முன்பே தகரக் குவளையும் பையும் கல்லும் வரிசையில் இடம்பிடித்துவிடும். கல்லுக்கு உரியவள் வீட்டு வேலை முடித்து வந்து நிற்பாள். பிறகு பேச்சுத் தொடங்கும். அடுத்த தெருக் கடையில் எத்தனை லிட்டர் ஊற்றினார்கள், இங்கு ஏன் குறைகிறது, அளவில் குறைகிறதா, வரத்திலேயே குறைகிறதா என்று வினா விரியும். என் அன்னையின் கையைப் பற்றி நின்ற சிறுமியாகிய நான், ‘தில்லிக்காரன் குறைத்துவிட்டான்’ என்ற தொடரை முதன்முதலில் கேட்டது பாடநூலிலன்று, அவ்வரிசையில்தான். மாநிலங்களுக்கு மண்ணெண்ணெயை ஒதுக்குவது நடுவண் அரசு என்பது, கூட்டாட்சி என்னும் சொல் அறியாத அப்பெண்களுக்குத் தெரிந்திருந்தது.

வரிசையின் வாதம் தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. 1972இல் மகாராட்டிரம் கொடிய வறட்சியில் வாடியபோது, மும்பைப் பெண்கள் விலைவாசி உயர்வுக்கு எதிராகத் திரண்டனர். மிருணாள் கோரே, அகில்யா ரங்கணேகர் முதலியோர் முன்னின்றனர். தட்டும் கரண்டியும் பூரிக்கட்டையும் ஏந்தி அவர்கள் சென்ற ஊர்வலங்கள் நாட்டு அரசியலில் இடம்பெற்றன. புறநகரின் குடிநீருக்காகப் போராடிய மிருணாள் கோரேயை மக்கள் ‘தண்ணீர்க்கார அம்மாள்’ என்று பொருள்படும் பெயராலேயே அழைத்தனர். அங்கு வரிசை இயக்கமாயிற்று. அதனால் ஏட்டிலும் ஏறிற்று.

குழாயடியும் ஒரு சொல்லின் கொடுமையும்

தமிழகத்தில் அரிசிக்கு அடுத்த பெருவினா தண்ணீர். சென்னையின் குழாயில் நீர் வருவதும் வராததும் நான்கு மாநிலங்களைத் தொட்ட செய்தி. கிருஷ்ணை நீரைச் சென்னைக்குத் தர மகாராட்டிரம், கருநாடகம், ஆந்திரம் ஆகியன 1976இல் இசைந்தன. 1983இல் ஆந்திரத்தோடு உடன்பாடு கையெழுத்தாயிற்று. 1996இல்தான் அந்நீர் தமிழகம் வந்தது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டபோது, அவ்வாண்டு ஜூலை 12ஆம் நாள் சோலையார்பேட்டையிலிருந்து 25 இலட்சம் லிட்டர் நீரைச் சுமந்துகொண்டு முதல் தொடர்வண்டி சென்னைக்கு வந்தது. அந்நாள்களில் குடத்தோடு தெருவில் நின்றவள், ஏரியின் மட்டம், லாரியின் முறை, அண்டை மாநிலத்தின் மனநிலை ஆகிய அனைத்தையும் அறிந்தே பேசினாள். காலிக் குடங்களோடு சாலையை மறிப்பது தமிழகத்துப் பெண்கள் வளர்த்தெடுத்த அரசியல் மொழி.

ஆயின் அம்மொழிக்கு நம் தமிழ் இட்ட பெயர் யாது? ‘குழாயடிச் சண்டை.’ சட்டமன்றத்தில் உறுப்பினர்கள் தரக்குறைவாக மோதிக்கொண்டாலும் இதழ்கள் அதனைக் குழாயடிச் சண்டை என்றே எழுதும். ஆடவர் விசுப்பலகையில் பேசியது அரசியல். அதனால் ‘பேசாதீர்’ என்று தடுக்கும் பலகையாவது வேண்டியிருந்தது. பெண்கள் குழாயடியில் பேசியதற்குத் தடைப் பலகையும் தேவைப்படவில்லை. அதனை அரசியல் என்று யாரும் கருதவில்லை. தடுக்கப்பட்ட பேச்சு சான்றாக நின்றது. இகழப்பட்ட பேச்சு சுவடின்றிப் போயிற்று. வரிசைக்கும் குழாயடிக்கும் வரலாறு இல்லாமைக்கு இதுவே காரணம் என்பது என் துணிபு.

சட்டம் தந்த இருக்கை

1992இல் நிறைவேறிய 73, 74ஆம் அரசியலமைப்புத் திருத்தங்கள் உள்ளாட்சி இடங்களில் மூன்றிலொரு பங்கை மகளிர்க்கு ஒதுக்கின. தமிழ்நாட்டில் 1996இல் நடந்த தேர்தலில் பெண்கள் பெருந்தொகையினராக உள்ளாட்சி மன்றங்களுக்கு வந்தனர். 2016இல் அவ்வொதுக்கீட்டைத் தமிழகம் பாதியாக உயர்த்தியது. குழாயடியில் கேட்ட வினாவை இன்று ஊராட்சித் தலைவி என்ற முறையில் ஒருத்தி விடையளிக்கும் இடத்திலிருந்து எதிர்கொள்கிறாள். கிராம சபையில் எழுந்து கேட்கும் உரிமை ஒவ்வொரு வாக்காளர்க்கும் உண்டு. பெண் பெயரில் கணவர் ஆளும் இழிவும் பல ஊர்களில் காணப்படுகிறது. மணிமேகலை வாதம் கேட்க ஆடவர் உரு எடுத்தாள். இங்கோ ஆடவர் பெண்ணின் பெயரை எடுத்துக்கொள்கின்றனர். இருக்கை கிடைத்த பின்னும் குரல் தானே வந்துவிடுவதில்லை. அக்குரலுக்கு முன்வரலாறு உண்டு என்று அவளுக்கு யாரேனும் சொல்லவேண்டும்.

அதைச் சொல்லும் கடமை எழுதுவோர்க்கு உரியது. 1965இல் இருபது வயதில் அரிசிக்காக வரிசையில் நின்ற பெண்களுக்கு இன்று எண்பது வயது கடந்துவிட்டது. அவர்கள் என்ன பேசினார்கள், யாரை ஏசினார்கள், எந்தப் பழமொழியை அமைச்சர்க்குப் பொருத்தினார்கள் என்பதை எந்த ஆவணக் காப்பகமும் வைத்திருக்கவில்லை; அவர்கள் நினைவு மட்டுமே வைத்திருக்கிறது. நாட்டுப்புறவியலார் தாலாட்டையும் ஒப்பாரியையும் திரட்டினர். வரிசையின் பேச்சைத் திரட்டியவர் மிகச் சிலரே.

பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடிக் கவிதை படித்தும் கருத்து மோதியும் வரும் நம் வட்டத்தினர்க்கு இது இயலாத பணியன்று. உறுப்பினர் ஒவ்வொருவர் வீட்டிலும், தெருவிலும், முதியவள் ஒருத்தியேனும் இருப்பாள். அவளிடம் சென்று, அரிசி கிடைக்காத அந்நாள்களில் வரிசையில் என்ன பேசிக்கொண்டீர்கள் என்று கேட்டு, அவள் சொல்வதை அவள் சொற்களிலேயே எழுதிவர வேண்டுகிறேன். பதினொன்றாம் ஆண்டின் முதற்கூட்டத்தில் கவிதைகளோடு அவற்றையும் படிப்போம்.